முதல் வார வகுப்பு ஏற்பாடு: வகுப்பாசிரியர்கள் கவனத்திற்கு

அனைவருக்கும் வணக்கம். 2023இல் நாங்குநேரியில் பட்டியலின மாணவனைச் சக மாணவர்கள் வீடு புகுந்து வெட்டிய சம்பவத்துக்குப் பின், பள்ளிகளில் சாதிப் பாகுபாட்டைத் தடுக்க அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது நினைவிருக்கும். அதன் பரிந்துரைகளில், பிள்ளைகளைப் பெயரின் அகரவரிசைப்படி உட்கார வைப்பது நம் கையிலேயே இருப்பது. ஆனால் அப்படியே விட்டால் வருடம் முழுக்க அதே மூன்று பேர்தான் ஒரு பெஞ்சில். ஆகவே திங்கள்தோறும் ஒரு வரிசை நகர்த்துங்கள். கண் பார்வை, காது கேட்பதில் சிரமம் உள்ளவர்களை மட்டும் முன்னாலேயே வைக்கலாம்.

உதவித்தொகைப் படிவம்தான் பெரிய சறுக்கல். "எஸ்சி பசங்க எந்திரிங்க" என்ற ஒரு வரி போதும், மீதி வருடம் யார் யார் என்று வகுப்புக்கே தெரிந்துவிடும். பெயரைத் துண்டுச்சீட்டில் எழுதி, ஒவ்வொருவராக அலுவலக அறைக்கு அனுப்புங்கள். சான்றிதழ் நகலை ஒட்டிய உறையில் வாங்குங்கள், வகுப்பு லீடர் கையில் கொடுக்க வேண்டாம்.

வகுப்பறை பெருக்குவது வருகை எண் வரிசைப்படி, தினம் 4 பேர், ஆண் பெண் பேதமின்றி. கழிவறை சுத்தம் செய்ய எந்தப் பிள்ளையையும் அனுப்பக் கூடாது.

சாதியைக் காட்டும் கலர் கயிறு கையில் கட்டி வந்தால் எல்லோர் முன்னும் அறுக்காதீர்கள். அன்று மாலையே அவன் ஹீரோ ஆகிவிடுவான். தனியே கூப்பிட்டு, பெற்றோரிடமும் பேசிக் கழற்ற வையுங்கள்.

பாடநூலின் முன்பக்கத்தில் "தீண்டாமை ஒரு பாவச்செயல்" என்று இருக்கிறதே, யாரும் படிப்பதில்லை. ஒரு பீரியட் ஒதுக்கி, தீண்டாமையை ஒழித்த அரசியலமைப்பின் 17வது பிரிவோடு சேர்த்து வாசித்து, டீக்கடை, கோயில், குடிநீர்க் குழாய் என்று ஊர் உதாரணங்களைப் பிள்ளைகளையே சொல்லச் சொல்லுங்கள். பெயர் சொல்லிக் குற்றம் சாட்ட ஆரம்பித்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

14417 (பள்ளிக்கல்வி உதவி எண்), 1098 (குழந்தைகள் உதவி எண்) இரண்டு எண்களும் கரும்பலகை ஓரத்தில் இருக்கட்டும்.