லாரல் மலைப் பாதைக்குப் புறப்படும் மகளுக்கு

அன்புள்ள கண்ணம்மா,

ரூம்மேட்டைக் கூட்டிக்கொண்டு, லாரல் மலைப் பாதை தொடங்கும் ஒஹையோபைல் ஊரிலிருந்து நடக்கப் போகிறேன் என்று நேற்று போனில் நீ சொன்னதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பயமில்லை, சந்தோஷம்தான். பிட்ஸ்பர்க்குக்கு வந்த புதிதில் அந்தக் காட்டைப் பார்த்துக் கதவைப் பூட்டிக்கொண்டவன் நான். இப்போது என் மகள் இன்னொருத்திக்கு வழி காட்டப் போகிறாள்.

பாதை மொத்தம் 70 மைல், நீங்கள் நடக்கப் போவது முதல் 18 சொச்சம்தான். ஆனால் முதல் 8 மைல்தான் ஆளை வாட்டும், யாக்கியோகெனி ஆற்றைப் பார்த்தபடி ஏறி, இறங்கி, மறுபடியும் ஏற வேண்டும். ராத்திரி தங்கும் கொட்டகை, அதான் முதல் ஷெல்டர், 6 மைல் தாண்டித்தான் வரும். அக்டோபர் கடைசியில் ஏழு மணிக்கு முன்பே இருட்டிவிடும், அதனால் மதியத்துக்குள் நடக்கத் தொடங்கிவிடு. பதிவு செய்துவிட்டாய்தானே? பதிவில்லாமல் தங்க முடியாது, ஓரிடத்தில் ஒரு ராத்திரிதான். மரத்தில் மஞ்சள் பெயின்ட்டில் பட்டை அடித்திருந்தால் முக்கியப் பாதை, நீலம் ஷெல்டருக்குப் பிரியும் கிளைப் பாதை. மைலுக்கு ஒரு கல் நிற்கும், அதைப் பார்த்து நேரத்தைக் கணக்குப் போட்டுக்கொள்.

அப்புறம், இத்தனை வருஷமாக உன்னிடம் முழுதாகச் சொல்லாத ஒன்று. உனக்கு 14 வயதில் நாம் அங்கே தங்கிய முதல் ராத்திரி, ஏற்றத்தில் வேர்த்து என் காட்டன் சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது. மாற்றுச் சட்டையைக் கனமாக இருக்கிறதென்று காரிலேயே விட்டுவிட்டேன். ஷெல்டருக்கு மூன்று பக்கம்தான் சுவர், முன்பக்கம் முழுக்கத் திறந்திருக்கும், அந்த வழியாகக் காற்று நேராக நெஞ்சில் அடிக்கிறது. ஈரத் துணி உடம்புச் சூட்டை எப்படி உறிஞ்சும் என்று அன்றுதான் தெரிந்தது. நீ பயந்துவிடுவாயே என்று வாயைத் திறக்கவில்லை. விரல் மரத்துப்போய்த் தீக்குச்சியைப் பிடிக்கவே முடியவில்லை, புளிசாதப் பொட்டலத்தைக்கூட நீதான் பிரித்தாய். பிரித்தவள் என் கையைத் தொட்டுப் பார்த்தாய். ஒன்றும் கேட்காமல் உன் ஸ்லீப்பிங் பேக்கை எடுத்து என்மேல் போர்த்திவிட்டு, எதிரே இருந்த கல் அடுப்பை மூட்டப் போனாய். நீ தொட்டுப் பார்க்காமல் இருந்திருந்தால் விடியும்வரை அப்படியேதான் உட்கார்ந்திருப்பேன், அதுதான் உண்மை.

அதனால்தான் சொல்கிறேன், அந்தப் பெண்ணிடம் குளிருகிறதா என்று கேட்டுவிட்டு நிறுத்திக்கொள்ளாதே. முதல் தடவை வருகிறவர்கள், அதுவும் கூட வந்தவளுக்குத் தொந்தரவு கூடாதென்று நினைக்கிறவர்கள், இல்லை என்றுதான் சொல்வார்கள். கையைத் தொட்டுப் பார். பேச்சுக் குழறுகிறதா, காலைத் தடுமாறி வைக்கிறாளா என்று கவனி. ஷெல்டருக்குப் போய்ச் சேர்ந்ததும் அடுப்பு, தண்ணீர் எதையும் பார்க்காமல் முதலில் இரண்டு பேரும் உலர்ந்த சட்டைக்கு மாறுங்கள், உள்சட்டை உட்பட, காட்டன் ஒன்றுகூட வேண்டாம். அடியில் பாய் இல்லாமல் படுக்காதீர்கள், மேலே எத்தனை போர்த்தினாலும் கீழிருந்து குளிர் ஏறும். பம்பு தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள். சாப்பாட்டுப் பையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தூங்காதே, எலி வரும், கரடியும் உள்ள காடு அது.

இரண்டாம் நாள் 12 மைல், 653-ஆம் சாலைப் பக்கத்து ஷெல்டர்வரை. அவளால் முடியவில்லை என்றால் வந்த வழியே திரும்பிவிடுங்கள், ஞாயிறு காலை எந்தப் பக்கம் வரச் சொன்னாலும் காரோடு வந்து நிற்கிறேன்.

பச்சை ஸ்லீப்பிங் பேக்கை மாடியில் வெயிலில் போட்டிருக்கிறேன், அது அவளுக்கு. வெள்ளிக்கிழமை வரும்போது எடுத்துக்கொள். அம்மா புளிக்காய்ச்சல் தனியாக ஒரு டப்பாவில் தருகிறாளாம், வேண்டாம் என்று சொல்லாதே.

அப்பா