மோகன் பகான் 1911: கைகொடுத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

வணக்கம். ஜூலை 29 சாயங்காலம் எங்கள் குடியிருப்பின் சின்ன அரங்கில் நாற்காலி போதாமல் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். 48 பக்கத்தில் ஒரு சிறு நூல். 1911-ல் இந்த ஊர்க் கால்பந்து அணியான மோகன் பகான், ஐ.எஃப்.ஏ. ஷீல்டு என்ற கோப்பையை வென்ற கதை, தமிழில். கொல்கத்தாவில் பிறந்து வளரும் நம் வீட்டுப் பிள்ளைகள் இந்த ஊரின் கதையை நம் மொழியில் படிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு எழுதியது. நன்றி சொல்ல மேடையில் எழுந்தபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. நான்கு பேரை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து விளக்கை அணைத்த பிறகுதான் விட்டுப்போனவர்கள் ஒவ்வொருவராக நினைவுக்கு வந்தார்கள். அதனால்தான் இந்த மடல். யார் பெயரையும் எழுதவில்லை. படிக்கும்போது அவரவருக்குத் தெரிந்துவிடும்.

முதல் நன்றி எதிர்வீட்டு தாதாவுக்கு. இங்கே தாதா என்றால் அண்ணன். அவர் என்னை 'பௌதி' என்பார், அண்ணி என்று அர்த்தம். லேக் மார்க்கெட் பக்கம் நாங்கள் குடிவந்த நாளிலிருந்து எனக்கு வங்காளம் கற்றுக்கொடுத்ததும் அவர்தான், மீன் வாசம் பழக்கியதும் அவர் வீட்டு அடுப்படிதான். என் முதல் வரைவை அவருக்கு வங்காளத்தில் சொல்லிக் காட்டினேன். "வெறுங்காலோடு இறங்கிய பதினொரு பேர்" என்று ஆரம்பித்ததுமே கையைத் தூக்கினார்.

"பத்து பேர், பௌதி. சுதிர் சாட்டர்ஜி பூட்ஸ் போட்டிருந்தார்."

எனக்கு முகம் சுண்டிப்போனது. எவ்வளவு அழகான முதல் வரி என்று நினைத்திருந்தேன்! அவர் விடவில்லை. "திடீரென்று எங்கிருந்தோ வந்து வென்றார்கள்" என்று நான் எழுதியிருந்ததையும் அடிக்கச் சொன்னார். மறுநாள் காலையே வடகொல்கத்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். பரியாபுகூர் பக்கம் மோகன் பகான் என்ற பெயரில் ஒரு மாளிகை இருந்தது, அங்கே விளையாடிய பையன்களின் சங்கம்தான் இது, தொடங்கியது 1889 ஆகஸ்ட் 15 என்று நடந்துகொண்டே சொன்னார். ஆகஸ்ட் 15 என்றதும் நான் நின்றுவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே மேலே நடந்தார். மோகன் பகான் சந்து, சிவதாஸ் பாதுரி தெரு என்று பெயர்ப்பலகைகளை ஒவ்வொன்றாக என்னையே படிக்கச் சொன்னார். இங்கே அவர் பெயரை சிப்தாஸ் என்றுதான் உச்சரிக்கிறார்கள். நம் வாய்க்கு சிவதாஸ்தான் வருகிறது, நூலிலும் அப்படியே விட்டுவிட்டேன்.

ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, வருஷங்களை என் நோட்டில் அவரே எழுதினார். 1904-ல் கூச் பிஹார் கோப்பை. 1905-ல் கிளாட்ஸ்டோன் கோப்பை. அதில் அந்த வருஷ ஷீல்டு சாம்பியனான டல்ஹௌசி அணியை 6-1 என்று தோற்கடித்தார்கள். அப்புறம் 1906, 1907, 1908 என மூன்று வருஷமும் தொடர்ந்து டிரேட்ஸ் கோப்பை. ராணுவத்தில் சுபேதார் மேஜராக இருந்த சைலேன் பாசு செயலாளராக வந்து, பையன்களின் உடற்பயிற்சியில் கண்டிப்புக் காட்டினார். "22 வருஷ வேலை இது. அதிசயம் என்று எழுதினால் அந்த வேலையை அவமதித்த மாதிரி" என்றார் தாதா. அன்று மாலையே முதல் அத்தியாயத்தைக் கிழித்துப் போட்டேன். என் நூலில் ஏதாவது உருப்படியாக இருந்தால் அது அந்த டீக்கடை பெஞ்சில் தொடங்கியது.

அடுத்து நூலக நண்பருக்கு. பழைய நாளிதழ்க் கட்டைக் கேட்டபோது, முதலில் ஒரு பெரிய வெள்ளைத் தாளை மேசையில் விரித்தார். ஏன் என்று அப்போது புரியவில்லை. பக்கத்தைத் திருப்பியதும் ஓரங்கள் சுட்ட அப்பளம் போல நொறுங்கி அந்தத் தாளில் விழுந்தன. துணுக்குகளைக்கூட அவர் தூக்கி எறியவில்லை. தாளோடு மடித்து உள்ளேயே வைத்தார். நான்கு மாதம், சனிக்கிழமைதோறும் போனேன். ஒரு நாள்கூட முகம் சுளிக்கவில்லை. தேதி வாரியாக அட்டவணை போடலாம் என்ற யோசனையும் அவருடையதுதான். போட்டுப் பார்த்தபோதுதான் எனக்கே உடம்பு சிலிர்த்தது.

ஜூலை 10, செயின்ட் சேவியர்ஸ், 3-0. ஜூலை 14, ரேஞ்சர்ஸ், 2-1. ஜூலை 19, ரைஃபிள் பிரிகேடு, 1-0. ஜூலை 24 அரையிறுதி, மிடில்செக்ஸ் ரெஜிமெண்டோடு 1-1. இரண்டே நாளில் மறு ஆட்டம், 26-ஆம் தேதி, 3-0. மூன்று நாள் கழித்து 29-ஆம் தேதி சனிக்கிழமை இறுதி ஆட்டம்.

20 நாளில் ஆறு ஆட்டம். அடித்தது 12 கோல், வாங்கியது 3. இதெல்லாம் சம்பளம் வாங்கி ஆடியவர்கள் செய்ததல்ல. அணித் தலைவர் சிவதாஸ் கால்நடைத் துறையில் வேலை பார்த்தவர். முன்கள வீரர் அபிலாஷ் கோஷ் கல்லூரி மாணவர். சுதிர் சாட்டர்ஜி கல்லூரியில் பாடம் நடத்தியவர், பிற்காலத்தில் பாதிரியாரானார். வேலையையும் படிப்பையும் வைத்துக்கொண்டு, 20 நாளில் ஆறு முறை மைதானத்தில் இறங்கியிருக்கிறார்கள். 26-ஆம் தேதி ராத்திரி அவர்கள் வீட்டில் யாரோ ஒருவர் வெந்நீர் வைத்துக் காலுக்கு ஒத்தடம் கொடுத்திருப்பார்கள் இல்லையா? அந்த முகம் தெரியாத அம்மாக்களுக்கும் தங்கைகளுக்கும் இந்த மடலில் ஓர் இடம் இருக்கட்டும்.

மைதான் என்று இங்கே சொல்லும் பெரிய திடலில் சின்னப் பையன்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பெரியவரே, உங்களுக்கு நன்றி சொல்ல எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. "வெறுங்கால் என்றால் வேகம், மழையில் இன்னும் வசதி" என்று நான் ஏதோ படித்ததை ஒப்பித்தேன். நீங்கள் பதில் சொல்லாமல், நாளைக்குக் காலை ஆறு மணிக்கு வாருங்கள், செருப்பில்லாமல் நில்லுங்கள் என்றீர்கள். வந்தேன். முந்தின நாள் நல்ல மழை. புல்லுக்கு அடியில் களிமண் கூழாகக் கிடந்தது. நாலு அடி ஓடியதும் பின்னங்கால் வழுக்கி, உங்கள் பையன் ஒருவன் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். காய்ந்த தரையில் விரல்கள் மண்ணைக் கவ்வும், ஈரத்தில் கவ்வ எதுவும் கிடைக்காது என்று அப்போதுதான் சொன்னீர்கள். ஆணி வைத்த பூட்ஸ் போட்டவனுக்கு அந்தக் கவலை இல்லை. ஜூலை மாதக் கொல்கத்தாவில் பிரிட்டிஷ் பட்டாளத்து அணிகளோடு ஆடிய அந்தப் பத்து பேருக்கு எது பாதகமாக இருந்தது என்று என் உள்ளங்கால் தெரிந்துகொண்டது.

அப்புறம் அந்த வாளி. ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்ட, கையால் தைத்த பழைய தோல் பந்து. எடுத்து வைத்தபோது 'தொப்' என்று சத்தம் கேட்டது. ஓர் உதை உதைத்தேன். பந்து மூன்று முழம் உருண்டது. வலி முழங்கால்வரை ஏறியது. கட்டைவிரல் நகம் கறுத்து விழ ஆறு வாரம் ஆனது. அந்த நகத்தைப் பார்த்துக்கொண்டேதான் இறுதி ஆட்டத்தின் அத்தியாயத்தை எழுதி முடித்தேன்.

நூலைப் படிக்காதவர்களுக்காக அந்த ஆட்டத்தை இங்கேயும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், சொல்லாமல் இருக்க முடியவில்லை. கல்கத்தா எஃப்.சி. மைதானம். எதிரே ஈஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமெண்ட். கூட்டம் 60,000-க்கும் மேல் என்று கணக்குச் சொல்கிறார்கள். வெளியூர் ஆட்களுக்காகச் சிறப்பு ரயில் விட்டார்கள், படகில் வந்தவர்களும் உண்டு. முதல் பாதியில் கோல் இல்லை. இரண்டாம் பாதியில் ஜாக்சன் அடித்த கோலால் பட்டாளத்தார் முந்தினார்கள். சிவதாஸ் சமன் செய்தார். ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் அபிலாஷ் கோஷ் இரண்டாவது கோலைப் போட்டார். 2-1. 1893-ல் தொடங்கிய அந்தக் கோப்பையை முதன்முதலாக ஓர் இந்திய அணி கையில் எடுத்தது.

ஹீராலால் முகர்ஜி, பூத்தி சுகுல், சுதிர் சாட்டர்ஜி, மன்மோகன் முகர்ஜி, ராஜேன் சென்குப்தா, நீல்மாதவ் பட்டாச்சார்யா, கானு ராய், ஹபுல் சர்க்கார், அபிலாஷ் கோஷ், பிஜய்தாஸ் பாதுரி, சிவதாஸ் பாதுரி. அரங்கில் ஒரு சிறுமி இந்தப் பதினொரு பெயரையும் காகிதம் பார்க்காமல் சொன்னாள். அவளுக்கும், ராத்திரி ராத்திரியாக அவளுக்குச் சொல்லிக்கொடுத்த அவள் பாட்டிக்கும் நன்றி.

சென்னையிலிருக்கும் அப்பாவுக்கு ஒரு நன்றி. தொண்ணூறை நெருங்கும் வயதில், பூதக்கண்ணாடி வைத்துப் பிழை திருத்திக் கொடுத்தார். சந்திப்பிழைகளைச் சிவப்பு மையில் வட்டமிட்டு, ஓரத்தில் ஒரே ஒரு கேள்வி எழுதியிருந்தார்: "மெட்ராசுக்கும் இவர்களுக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?" தேடினேன், இருந்தது. சங்கத்தின் முதல் தலைவர் பூபேந்திரநாத் போஸ்தான் 1914-ல் மெட்ராசில் நடந்த காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர். தொலைபேசியில் சொன்னதும் அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ அதையும் சேர்த்துடும்மா" என்றார். சேர்த்தாயிற்று, 31-ஆம் பக்கம்.

ஒரு கதை சொன்னதற்காகத் தாதாவின் அக்காவுக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன். கோப்பையோடு திரும்பிய வீரர்களிடம் ஒரு பெரியவர் வில்லியம் கோட்டையின் மேல் பறந்த ஆங்கிலக் கொடியைக் காட்டி, அது எப்போது இறங்கும் என்று கேட்டாராம். மறுபடி நாம் ஷீல்டு வெல்லும்போது என்று பதில் வந்ததாம். அவர்கள் மறுபடி வென்றது 1947-ல். செவிவழியாக வந்த கதை இது. அதனால் நூலில் வேறு எழுத்துருவில், 'பாட்டி சொன்னது' என்ற தலைப்பில் தனியாகத்தான் வைத்தேன். ஆனால் அதைச் சொல்லும்போது அவர் குரல் நடுங்கியதை எந்த எழுத்துருவில் போடுவது?

அந்தக் கோபமும் பெருமையும் எங்கிருந்து வந்தன என்று வரலாற்று ஆசிரியை ஒருவர் எனக்கு இரண்டு மணி நேரம் பொறுமையாக விளக்கினார். 1905-ல் வங்காளத்தைப் பிரித்திருந்தார்கள், ஊர் கொதித்துக்கொண்டிருந்தது. ஷீல்டை வென்ற பிறகும்கூட மோகன் பகானுக்குக் கல்கத்தா லீக்கில் உடனே இடம் கிடைக்கவில்லை. 1914-ல் இரண்டாம் பிரிவிலும், 1915-ல்தான் முதல் பிரிவிலும் ஆட முடிந்தது. 1911 டிசம்பரில் பிரிவினையை ரத்து செய்தார்கள், கூடவே தலைநகரை டெல்லிக்கு மாற்றுவதாகவும் அறிவித்தார்கள். ஷீல்டுதான் இதற்கெல்லாம் காரணம் என்று எழுதிவிடாதீர்கள் என்று எச்சரித்ததும் அந்த ஆசிரியைதான். எழுதும் ஆசை எனக்கு இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். தடுத்தாட்கொண்டதற்கு நன்றி, அம்மா.

அச்சுக்கு முந்தின ராத்திரி ஒன்றரை மணிக்குப் பக்கங்களைச் சரிசெய்து கொடுத்த பெண்ணுக்கு, 'பாதுரி', 'பதூரி' என்று நான் மாற்றி மாற்றி எழுதியிருந்ததை 19 இடத்தில் கண்டுபிடித்தவளுக்கு, நன்றி. அரங்குக்கு சுண்டல் செய்துவந்த மூன்று வீட்டாருக்கும், மழையில் நனையாமல் நூல்கட்டுகளைத் தன் ரிக்‌ஷாவின் இருக்கையில் வைத்துத் தார்ப்பாய் போட்டு மூடி, தான் நனைந்துகொண்டே இழுத்துவந்தவருக்கும் நன்றி. அவர் கூலிக்கு மேல் ஒரு ரூபாய்கூட வாங்க மறுத்துவிட்டார். நூல் ஒன்று கொடுத்தேன். தமிழ் படிக்கத் தெரியாது, அட்டையில் பந்தைப் பார்த்து, "மோகன் பகானா?" என்று கேட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

கடைசியாகப் பட்டக் கடைக்காரருக்கு. அன்றைக்கு மைதானத்தின் விளிம்பில், ஆட்டம் கண்ணுக்கு எட்டாத இடத்தில், ஆயிரக்கணக்கானவர்கள் நின்றார்கள். கோல் கணக்கைப் பட்டத்தில் எழுதிப் பறக்கவிட்டுத்தான் அவர்களுக்குச் செய்தி சொன்னார்கள். பிள்ளைகளுக்கு அதைக் காட்ட வேண்டும் என்று எனக்கு ஒரே பிடிவாதம். இந்த ஊரில் பட்டம் விடும் காலம் செப்டம்பரில், விஸ்வகர்மா பூஜைக்குத்தான். ஜூலையில் எங்கே போவது? நீங்கள் பரணில் ஏறி, போன வருஷத்துக் கட்டைப் பிரித்து, ஈரம் படாத இரண்டு பட்டங்களைத் தேடி எடுத்தீர்கள். மாஞ்சா பூசாத நூலாகக் கொடுங்கள், குழந்தைகள் கை என்று நான் சொல்வதற்கு முன்னாலேயே வெள்ளை நூலை நீட்டினீர்கள்.

நிகழ்ச்சி முடிந்ததும் மொட்டை மாடிக்குப் போனோம். தூறல் நின்றிருந்தது. முதல் பட்டம் தண்ணீர்த் தொட்டியில் மோதிக் கிழிந்தது. இரண்டாவது ஏறியது. அதில் தாதா தன் கையால் 2-1 என்று எழுதியிருந்தார். கீழே தெருவில் ஒருவர் சைக்கிளை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தார். அவருக்கு அது என்ன கணக்கு என்று புரிந்ததோ இல்லையோ, கையை உயர்த்தி ஆட்டினார். இருட்டும்வரை பிள்ளைகள் அதை இறக்கவிடவில்லை. பட்டம் இப்போது என் மேசைக்கு மேல் சுவரில் இருக்கிறது. நூலின் மீதிப் பிரதிகள் தாதா வீட்டு முன்னறையில் உள்ளன, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
எதிர்வீட்டு பௌதி