60 லிட்டர் கடல்

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு அனைவரும் நலம். உன் தங்கைக்கு அடுத்த மாதம் 12ஆம் தேதி வளைகாப்பு வைத்திருக்கிறோம். செவ்வாய்க்கிழமை காலை 11 மணிக்கு நான் அழைத்தபோது, நீ கொளத்தூரில் மீன்தொட்டிக் கடையில் நிற்பதாகவும், பவளம் வளர்க்க 60 லிட்டரில் ஒரு கடல்நீர்த் தொட்டி வைக்கப்போவதாகவும், இப்போது உனக்கு நிறைய நேரம் இருப்பதாகவும் சொன்னாய். ஒரு மாதமாக அழைப்பை எடுக்காத பிள்ளை இவ்வளவு பேசியதே போதும் என்று உன் அம்மா மகிழ்ந்துபோனாள். எனக்கு அன்றிரவு தூக்கம் பிடிக்கவில்லை. நான் உன்னிடம் வேறொன்றும் கேட்கப்போவதில்லை. தொட்டியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

அவசரப்பட்டு மீன் வாங்காதே. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதைப் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் தொட்டியில் அடுக்கும் கல்லின் துளைகளில் குடியேற 4 முதல் 6 வாரம் பிடிக்கும். அதுவரை நீர் பளிங்குபோலத் தெரிந்தாலும் உள்ளே விடும் மீனுக்கு அது நஞ்சுதான். அம்மோனியாவைத் துளித்துளியாக நீயே விட்டு, சோதனைக் குழாயில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டும்வரை வெறும் கல்லையும் நீரையும் பார்த்துக்கொண்டு காத்திரு. சிறிய தொட்டிதானே என்று எளிதாகவும் நினைக்காதே; நீர் குறையக் குறையத் தவறு செய்வதற்கான இடமும் குறையும்.

உப்பளத்துக்காரரின் பேரன் என்ற நினைப்பில் நம் ஊர் உப்பைக் கரைத்துவிடாதே. தாத்தாவின் பாத்திகள் உனக்கு நினைவிருக்கும். கடல்நீர் காயும்போது சுண்ணச்சத்தின் பெரும்பகுதி முந்திய பாத்திகளிலேயே ஜிப்சமாகப் படிந்துவிடும்; மெக்னீசியம் கடைசியில் வடித்துவிடும் கசப்புநீரோடு போய்விடும்; இடையில் நாம் வாருவது ஏறக்குறைய வெறும் சோடியம் குளோரைடு. பவளத்துக்குத் தேவையான கால்சியமும் மெக்னீசியமும் அதில் போதிய அளவு இராது. ஆகவே தொட்டிக்கென்று விற்கும் உப்புக் கலவையை ஆர்.ஓ. நீரில், லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் கணக்கில் கரைத்து, அடர்த்தி 1.025 வரும்படி வைத்துக்கொள். பெசன்ட் நகர் பக்கம்தானே என்று கடல்நீரை மொண்டும் வந்துவிடாதே. அதற்குச் சற்று வடக்கே அடையாறு கடலில் கலக்கிறது. நீர் ஆவியாகிக் குறைந்தால் உப்பில்லாத நீரையே ஊற்ற வேண்டும், ஏனெனில் ஆவியாவது நீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே தங்கிவிடும். தொடக்கத்தில் பலரும் தவறுவது இந்த இடத்தில்தான்.

பவளத்தில் இன்னும் கவனம் வேண்டும். கல்லாக வளரும் கடினப் பவளங்கள் அனைத்தும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. கடையில் யாராவது தூத்துக்குடிக் கல் என்று மறைத்துக் காட்டினால் தொடாமல் வந்துவிடு. நம் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் இன்று நீருக்கு அடியில் கிடப்பதற்கு, சுண்ணாம்புக்காகக் கல் வெட்டியதும் ஒரு காரணம். செயற்கைக் கல்லை அடுக்கு. கல்லாக வளராத, மென்மையான காளான் பவளம்போல எளிதில் பிழைப்பதை, தொட்டியிலேயே வெட்டிப் பெருக்கியதுதானா என்று கேட்டு, ரசீதோடு வாங்கு. மீன்குஞ்சு பொரிப்பகத்தில் பிறந்த கோமாளிமீன் ஓர் இணை போதும். அதையும் அவசரப்பட்டு வாங்காதே.

வெப்பநிலை 25, 26 பாகையில் நிற்க வேண்டும். 2016 கோடையில் கடல்நீர் சூடேறி, பவளத்துக்குள் வாழும் பாசி வெளியேறி, நம் தீவுகளைச் சுற்றிப் பவளம் வெளுத்துப்போனதை நீ அறிவாய். மே மாதத்தில் பூட்டிக் கிடக்கும் உன் வீட்டில் 60 லிட்டர் நீர் என்ன பாடுபடும்? குளிரூட்டும் கருவி இல்லாமல் முடியாது; அது மலிவும் அல்ல. என் வைப்புத்தொகை ஒன்று இந்த மாதம் முதிர்கிறது. அதை உன் கணக்குக்கு அனுப்பிவிடுகிறேன். கருவிக்குப் போக மீதமிருந்தால் வாடகைக்கோ வேறு எதற்கோ வைத்துக்கொள், கணக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சிறுவனாக நீ, நான் வேலை பார்த்த மீன் பொரிப்பகத்துக்கு வரும்போதெல்லாம் வெப்பமானியைத் தூக்கிப் பார்த்து, நோட்டில் எண்ணை எழுதுவாய். கண்ணால் பார்க்காத எண்ணை நீ ஒருநாளும் எழுதியதில்லை என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். அப்படிப்பட்ட பிள்ளை ஒரு மாதம் அப்பாவிடம் பேசாமல் இருக்கலாமா?

மின்சாரம் நின்றால் தானாக ஓடும் பேட்டரி ஏர் பம்ப் ஒன்றை, மீன் வாங்கும் முன்பே வாங்கு. இதை ஏன் வற்புறுத்துகிறேன் என்பதை எழுதிவிடுகிறேன். பொரிப்பகத்தில் தாய்மீன்கள் மொத்தமும் செத்த அந்த இரவைப் பற்றி, மின்சாரம் போய் ஜெனரேட்டரும் பழுதாகிவிட்டது என்றுதான் வீட்டில் சொல்லியிருந்தேன். ஜெனரேட்டர் பழுதாகவில்லை. அதில் டீசல் இல்லை. மாலையில் போய்ப் பார்க்காமலேயே, நிறைந்திருக்கிறது என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தூங்கிப்போனேன். விடியும்போது காற்றுக் குமிழிகளின் சத்தம் அறவே இல்லாததுதான் என்னை எழுப்பியது. மீன்கள் வாய் பிளந்து, செவுள் விரிந்து மிதந்தன. விசாரித்தபோது, டீசல் ஊற்றுவது உதவியாளன் பொறுப்பு என்றேன். அவனை அன்றே வேலையைவிட்டு அனுப்பினார்கள். மணமாகி ஆறு மாதம்தான் ஆகியிருந்தது அவனுக்கு. அதன்பின் பல நாள், அவன் காலையில் சாப்பாட்டுத் தூக்கோடு வேலைக்குக் கிளம்புவதுபோலக் கிளம்பிப் பேருந்து நிலையத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, அவன் என்னைக் காணாதபடி நான் மறுபக்கமாகப் போயிருக்கிறேன். உன் அம்மாவிடம்கூட இதைச் சொன்னதில்லை.

நீரின் உப்பளவைக் காட்டும் என் பழைய ரிஃப்ராக்டோமீட்டரைப் பார்சலில் அனுப்புகிறேன். முதலில் அளவுத்திருத்தக் கரைசலால் சரிபார்த்துக்கொள். பிறகு இரண்டு சொட்டு நீர் விட்டு, மூடியைக் குமிழி வராமல் சாய்த்து மூடி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் நீலமும் வெள்ளையும் சந்திக்கும் கோடு தெரியும். முதல் நாள் என்ன காட்டியது என்பதை எனக்குச் சொல். பகல் 11 மணியானாலும் அழைக்கலாம், நான் வீட்டில்தான் இருப்பேன்.

அன்புடன்,
அப்பா