வாய் கோணிக்கிட்டா கண்ணை மறந்துடாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க பேப்பர்ல முகவாதம் பத்தி ஒரு சின்ன கட்டுரை வந்துச்சு. பயப்பட வேண்டாம், பெரும்பாலும் தானாவே சரியாயிடும்னு முடிச்சிருந்தீங்க. அது தப்புன்னு சொல்ல வரல, மருந்தே எடுக்காதவங்கள்லயும் 100 பேருக்கு சுமார் 70 பேர் முழுசா தேறிடுவாங்கன்னுதான் எனக்கும் டாக்டர் சொன்னார். ஆனா அந்த ஒரு வரியைப் படிச்சுட்டு ஒருத்தர் நாலு நாள் வீட்டுலயே உக்காந்துட்டா அவருக்கு என்னென்ன போகும்னு நீங்க எழுதல. எனக்கு இது வந்து 2 வருஷம் ஆச்சு, அந்த உரிமைல எழுதுறேன்.

காலைல பல் தேய்ச்சுட்டு வாய் கொப்புளிக்கிறேன், தண்ணி இடது ஓரமா பீச்சிக்கிட்டு வெளிய வருது. தூக்கக் கலக்கம்னு விட்டுட்டேன். முந்தின நாள் ராத்திரியே காதுக்குப் பின்னாடி எலும்புகிட்ட ஒரு வலி, அதையும் தலகாணி மேல பழி போட்டாச்சு. பையன்தான் மொதல்ல கண்டுபிடிச்சான், "ஏம்மா ஒரு கண்ண மட்டும் சிமிட்டுற"ன்னு கேட்டான். கண்ணாடி முன்னாடி நின்னு சிரிச்சுப் பாத்தேன், பாதி மூஞ்சி சிரிக்குது, மீதி பாதி யாரோ மாதிரி சும்மா பாத்துட்டு இருக்கு. எனக்கு நாள் முழுக்க போன்ல பேசுற வேலை. ப, ம வர்ற வார்த்தை எதுவும் ஒழுங்கா வரல, உதடு ஒட்டினாத்தானே வரும், வணக்கம்னு சொன்னா கடைசி எழுத்து காத்தா போகுது. சாயங்காலத்துக்குள்ள நாக்குல ஒரு பக்கம் ருசி தெரியல. கரண்டி கீழ விழுந்தா இடது காதுக்குள்ள ஆணி அடிச்ச மாதிரி இருந்துச்சு.

வீட்டுல பாதிப்பேர் பக்கவாதம்னு அழுதாங்க, மீதிப்பேர் குளிர்காத்து அடிச்சிருக்கும் ரெண்டு நாள்ல போயிடும்னாங்க. எனக்கு ரெண்டாவது கட்சிதான் பிடிச்சிருந்துச்சு (யாருக்குத்தான் பிடிக்காது), அதுல ஒன்றரை நாள் போச்சு.

டாக்டர் மொதல்ல சொன்னது, புருவத்தைத் தூக்குங்க. வலது நெத்தில கோடு விழுந்துச்சு, இடது நெத்தி இஸ்திரி போட்ட மாதிரி அப்படியே இருந்துச்சு. அதுக்கு அவர் சொன்ன காரணம் இது. நெத்திக்கு மட்டும் மூளையோட ரெண்டு பக்கத்துல இருந்தும் கட்டளை வருமாம், அதனால பக்கவாதத்துல பெரும்பாலும் வாய் தொங்கினாலும் நெத்தி சுருங்கும், நெத்தியும் சேர்ந்து செத்துப்போச்சுன்னா கோளாறு நரம்புலயே இருக்குன்னு நெனைக்கலாம். ஆனா இதைப் படிச்சுட்டு யாரும் வீட்டுல நெத்தியைப் பாத்துத் தீர்ப்பு எழுதிடாதீங்க, விதிவிலக்கு இருக்கு. கை கால் மரத்துப்போறது, பேச்சு புரியாம குழறுறது, நடை தள்ளாடுறது, ரெட்டையா தெரியறது, திடீர்னு பயங்கர தலைவலி இதுல எது கூட இருந்தாலும் நேரா எமர்ஜென்சிக்குத்தான் போகணும்.

முகத்துக்குப் போற நரம்பு மூளைல இருந்து வர்ற 12 ஜோடியில 7ஆவது. காதுக்குப் பின்னாடி எலும்புக்குள்ள ஒரு குறுகலான குழாய் வழியா வளைஞ்சு வருது. நரம்பு வீங்கினா எலும்பு விரிஞ்சு குடுக்குமா, அங்கயே நசுங்குது. நாக்கோட முன்பக்க ருசி, கண்ணீர், பெரிய சத்தத்தை அடக்குற காதுக்குள்ள இருக்குற குட்டி தசை எல்லாத்துக்கும் அதே நரம்புல இருந்துதான் கிளை போகுது, என் கரண்டி சத்தத்துக்கு கணக்கு அங்க தீர்ந்துச்சு. வீக்கத்துக்குக் காரணம் பெரும்பாலும் உதட்டுல கொப்புளம் போடுற ஹெர்பிஸ் வைரஸ், உள்ள தூங்கிட்டு இருந்தது மறுபடி முழிச்சுக்குறதுன்னு சந்தேகப்படுறாங்க. பேரு பெல்ஸ் பால்ஸி, 1821ல இந்த நரம்பைப் பத்தி எழுதின சார்லஸ் பெல்ங்கற டாக்டரோட பேரு. சுகர் இருக்கவங்களுக்கும் கர்ப்பத்தோட கடைசி மூணு மாசத்துல இருக்கவங்களுக்கும் கொஞ்சம் அதிகமா வருதாம்.

சரி, ஏன் அவசரம்? அந்த வீக்கத்தைக் குறைக்கிற ஸ்டீராய்டு மாத்திரை. வாய் கோணின 72 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சாத்தான் அதுக்கு முழு பலன். 2007ல ஸ்காட்லாந்துல சுமார் 500 பேரை வச்சு பண்ணின ஆய்வுல பிரெட்னிசலோன்ங்கற ஸ்டீராய்டு எடுத்தவங்கள்ல 9 மாசத்துல 94 சதவீதம் பேர் பழைய முகத்துக்கு வந்துட்டாங்க, எடுக்காதவங்கள்ல 82 சதவீதம். நூத்துக்கு 12 பேர் வித்தியாசம்தானேன்னு பேப்பர்ல படிக்கிறப்ப தோணும், கண்ணாடில பாக்குறவங்களுக்குத் தோணாது. அதுக்காக மெடிக்கல்ல நீங்களே வாங்கிப் போட்டுக்காதீங்க, சுகர் ஏறும், டாக்டர்தான் அளவு சொல்லணும்.

இப்ப கண்ணுக்கு வர்றேன், உங்க கட்டுரைல ஒரு வார்த்தை கூட இல்லாத விஷயம். கோணின பக்கத்துக் கண் மூடலைன்னா கருவிழி காயும், காஞ்சா புண்ணாகும், புண்ணு பார்வையையே கெடுக்கும். வாய் பெரும்பாலும் ஆறு மாசத்துல திரும்பி வந்துடும், பார்வை அப்படி வராது. பகல்ல மணிக்கொரு தரம் சொட்டு மருந்து, வெளிய போனா கண்ணாடி, ராத்திரி களிம்பு வச்சு விரலால இமையை இறக்கிட்டு மேல மருத்துவ டேப். சொல்றதுக்கு ஈஸி. மொத நாள் டேப்பை நேரா ஒட்டினேன், நடுராத்திரி இமை அடில நழுவித் திறந்துகிட்டு டேப்போட பசை கண்ணுலயே உரசுச்சு, அப்புறம் இமை நல்லா மூடியிருக்கான்னு வேற ஒருத்தர் பாத்து ஒட்டினாத்தான் சரிப்பட்டுச்சு. பையனுக்கு அது ராத்திரி டூட்டி ஆயிடுச்சு. கண் செவந்து வலிச்சா, வெளிச்சம் கூசினா அன்னைக்கே கண் டாக்டர்கிட்ட போகணும்.

எல்லா முகவாதமும் இது இல்லைங்கறதையும் போடுங்க. காதுக்குள்ள கொப்புளம் வந்தா அது சின்னம்மை வைரஸோட வேலை, தேறுறதும் கஷ்டம், வைரஸ் மருந்தும் சேத்து உடனே வேணும். காதுல சீழ், தலைல அடி, ரெண்டு பக்கமும் விழுறது, வாரக்கணக்குல மெல்ல மெல்ல கோணுறது (கட்டி இருக்கலாம்) எல்லாத்துக்கும் வழி வேற. 3 மாசம் ஆகியும் அசைவே வரலைன்னா மறுபடி போய் ஸ்கேன் எடுக்கச் சொல்லிக் கேக்கணும்.

எனக்கு மூணாவது வாரம் மூக்கு ஓரம் லேசா துடிச்சுச்சு. உடனே ஆளாளுக்கு கரெண்ட் வை, பலூன் ஊதுன்னாங்க. பிசியோதெரபிஸ்ட் வேண்டாம்னுட்டார், முரட்டுத்தனமா பயிற்சி பண்ணினா கண்ணும் வாயும் சேர்ந்தே அசையுற பழக்கம் வந்துடலாம், கண்ணாடி பாத்து மெதுவா பண்ணுங்கன்னார். ஒத்துக்கிட்டு அப்படித்தான் பண்ணினேன், நாலு மாசத்துல தேறிட்டேன். இன்னும் விழுந்து விழுந்து சிரிச்சா மட்டும் இடது கண்ணு கொஞ்சம் சுருங்கும், பையன் நான் கண்ணடிக்கிறேன்னு கிண்டல் பண்றான்.

அடுத்த தடவை போடும்போது தலைப்புலயே 72 மணி நேரம்னு போடுங்க, கண்ணுக்கு ஒரு பத்தி ஒதுக்குங்க. இடம் பத்தலைன்னா சார்லஸ் பெல்லை வெட்டிடுங்க, அவர் கோச்சுக்க மாட்டார்.

இப்படிக்கு,
உங்க பேப்பரை தினம் படிக்கிற வாசகி