டிரம்மர் நண்பனுக்கு: கேப்ரியலின் ஆல்பம் பற்றி

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கை வலி குறைந்து மறுபடி ஸ்டிக்கைக் கையில் எடுத்துவிட்டாய் என்று படித்ததும்தான் நிம்மதி. எடுத்த எடுப்பிலேயே வேகம் காட்டாதே. தாளம் தட்டும் மெட்ரோனோமை நிமிஷத்துக்கு 60-ல் வைத்து ஆரம்பி. இங்கே பெரிதாகச் செய்தி இல்லை. பேஸ் கிட்டாருக்குக் கம்பி மாற்றினேன். கற்றுக்கொள்ள வருகிற பையன்களுக்கு முதல் நாளே கட்டைவிரலால் கம்பியை அறைகிற ஸ்லாப் வாசித்தாக வேண்டும்; ஸ்கேல், அதாவது சுர வரிசை, என்றால் முகம் சுருங்குகிறது. அவ்வளவுதான்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். பிரிட்டிஷ் ராக் பாடகர் பீட்டர் கேப்ரியலின் 'ஐ/ஓ' ஆல்பத்தை நன்றாக ஊறிக் கேட்டுவிட்டேன். பாட்டுகள் பிரமாதம். ஆனால் முடிவெடுக்க வேண்டிய இடத்தில் மனுஷன் நழுவிவிட்டார்.

2002-ல் வந்த 'அப்' ஆல்பத்துக்குப் பிறகு முழுக்கப் புதுப் பாட்டுகளோடு அவர் தந்த முதல் ஆல்பம் இது. 2023 டிசம்பர் 1-ல் வெளியானது. இடையில் சும்மா இருந்தார் என்றும் சொல்ல முடியாது. மற்றவர்கள் பாட்டுகளை ஆர்கெஸ்ட்ராவோடு பாடினார், அப்புறம் தன் பழைய பாட்டுகளையே ஆர்கெஸ்ட்ராவுக்கு மாற்றினார். இந்தத் தடவை 12 பாட்டு. 2023 முழுக்கப் பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஒன்றாக விட்டுக்கொண்டே வந்தார். அந்த விளையாட்டு எனக்குப் பிடித்திருந்தது. அடுத்த பாட்டு வரும்வரை கையில் இருப்பதைத்தானே கேட்க வேண்டும்? இந்தக் காலத்தில் ஒரு பாட்டோடு ஒரு மாதம் யார் இருக்கிறார்கள்!

ஆனால் ஒவ்வொரு பாட்டுக்கும் இரண்டு மிக்ஸ், அதாவது பதிவான குரலையும் வாத்தியங்களையும் இரண்டு விதமாகக் கலந்து தந்திருக்கிறார். 'பிரைட் சைடு' மிக்ஸ் செய்தவர் ஸ்பைக் ஸ்டென்ட், 'டார்க் சைடு' செய்தவர் சாட் பிளேக். போதாததற்கு ஹான்ஸ்-மார்ட்டின் பஃப் செய்த, சுற்றிலும் இருந்து சத்தம் வருகிற அட்மாஸ் மிக்ஸும் உண்டு. ஸ்டென்ட்டை ஓவியர் என்றும் பிளேக்கைச் சிற்பி என்றும் கேப்ரியலே சொல்லியிருக்கிறார். கேட்டால் அது சரிதான் என்று தெரிகிறது. ஸ்டென்ட்டின் மிக்ஸில் எல்லாம் அதனதன் இடத்தில் பளிச்சென்று நிற்கிறது, குரல் முன்னால் வருகிறது. பிளேக்கிடம் அடித்தளம் கனக்கிறது. சில சத்தங்களை வேண்டுமென்றே மூலையில் தள்ளிவிட்டு, திடீரென்று இழுத்து முகத்துக்கு நேரே வைக்கிறார்.

எனக்கு என்ன உறுத்துகிறது தெரியுமா? 1980-ல் வந்த ஆல்பத்தில் இதே ஆள்தான் டிரம்மர்களுக்கு சிம்பல், அதாவது அந்த உலோகத் தட்டு, கூடாது என்று தடை போட்டார். பில் காலின்ஸும் ஜெர்ரி மரோட்டாவும் அந்தத் தடைக்குக் கட்டுப்பட்டு வாசித்தார்கள். உலோகச் சத்தம் போனதும் மேலே அவ்வளவு இடம் காலியானது. அதில்தான் அந்த கேட்டட் ரிவெர்ப் டிரம்ஸ், இடி மாதிரி விழுந்து சட்டென்று அறுபடுகிற அந்தச் சத்தம், உட்கார்ந்தது. அதைக் கேட்டுவிட்டு நீயும் கிராஷ் சிம்பலைக் கழற்றி வைத்தாயே, பாடகனுக்கு வந்த கோபம் நினைவிருக்கிறதா? வேண்டாததைத் தூக்கி எறிந்துதான் அந்த ஆல்பத்துக்கு ஒரு முகம் வந்தது. அப்படிப்பட்டவர் இப்போது இரண்டையும் நம் தலையில் கட்டி, நீயே எடுத்துக்கொள் என்கிறார். மிக்ஸ் என்பதும் இசையமைப்பின் பாதி இல்லையா?

நம் ஆள் டோனி லெவின் இருக்கிறார், அதனால் பேஸுக்குக் குறைவில்லை. மனு காட்ஷே டிரம்ஸ், டேவிட் ரோட்ஸ் கிட்டார். பல வருஷமாகச் சேர்ந்து வாசிக்கிறவர்கள் என்பது, யாரும் யாரையும் முந்தாமல் போவதிலேயே தெரிகிறது. 'பனாப்டிகாம்' பாட்டில் பேஸையும் காலால் அடிக்கிற கிக் டிரம்மையும் மட்டும் கவனித்துக் கேள். டார்க் மிக்ஸில் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன, பிரைட்டில் தனித்தனியாகக் கேட்கின்றன. நான் டார்க் கட்சி. நீ வேறு கட்சியாக இருப்பாய் என்று தெரியும்.

ஆனால் 'அண்ட் ஸ்டில்' வந்தால் கட்சி மாறிவிடுகிறேன். கேப்ரியல் தன் அம்மா இறந்த பிறகு அம்மாவுக்காக எழுதியது. அதை ஸ்டென்ட்டின் மிக்ஸில்தான் கேட்க வேண்டும். அங்கே செல்லோவுக்கு மூச்சுவிட இடம் இருக்கிறது. 'பிளேயிங் ஃபார் டைம்' இன்னொரு பெரிய பாட்டு. முதலில் பியானோவும் குரலும், பிறகு மெல்ல ஆர்கெஸ்ட்ரா. அவர் முதலில் தத்தகாரம் மாதிரி வெறும் ஒலிகளைப் பாடிப் பார்த்துவிட்டு, வரிகளை அப்புறம்தான் தேடுவார் என்பார்கள். இதில் வரி மெட்டின் மேல் ஒட்டிவைத்தது போலத் தெரியவே இல்லை. 73 வயதுக் குரலில் லேசான கரகரப்பு ஏறியிருக்கிறது, அதை மறைக்கவும் இல்லை.

எல்லாமே இந்த உயரத்தில் இல்லை. 'ரோட் டு ஜாய்' துள்ளுகிறது, ஆனால் அவரே பழைய நாட்களில் இதைவிட நன்றாகத் துள்ளியவர். 'லவ் கேன் ஹீல்' எனக்கு இழுவை. தலைப்புப் பாட்டில் தென்னாப்பிரிக்கப் பாடகர் குழுவான சொவேட்டோ காஸ்பல் கொயர் வந்து சேரும் இடம் மட்டும் இரண்டு மிக்ஸிலும் ஒன்றுபோல் நிமிர்ந்து உட்கார வைத்தது.

இப்போதைக்கு இரண்டிலிருந்தும் பொறுக்கி 12 பாட்டுக்கு என் வரிசை ஒன்று வைத்திருக்கிறேன்: ஏழு டார்க், ஐந்து பிரைட். நீயும் உன் வரிசையைப் போட்டு அனுப்பு. தயவுசெய்து போன் ஸ்பீக்கரில் கேட்காதே, பேஸே காதில் விழாது. அப்புறம் எனக்கு பேஸ் சரியில்லை என்று எழுதுவாய்.

அன்புடன்,
உன் பழைய பேஸ்காரன்