தாழ்ந்த ஸ்கிரீனே போதும்

ஹட்டன்,
ஞாயிறு இரவு

அன்புள்ள மச்சான்,

கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு இருமல் குறைந்துவிட்டது. இங்கே ஒரு கிழமையாக விடாத மழை, பகலிலும் லைட் போட வேண்டியிருக்கிறது.

ஆளுக்கொரு பாத்திரமாகிப் பகடை போட்டு விளையாடும் ரோல்பிளேயிங் கேமில், கொழும்பில் நீயே ஒரு குழுவுக்குக் கதை நடத்தப்போகிறாய் என்றதும் அவ்வளவு சந்தோஷம். கதை நடத்தும் கேம் மாஸ்டர் தன் குறிப்புகளையும் பகடையையும் மறைக்க முன்னால் நிறுத்தும் மடிப்பு அட்டை, அந்த ஸ்கிரீனில் எதை வாங்கலாம் என்று கேட்டாய். உயரமானதை வாங்காதே.

என் முதல் ஸ்கிரீன் நெட்டுக்கு நிற்கும் வகை, முப்பது சென்டிமீட்டர் உயரம். எதிரே இருப்பவர்களின் நெற்றி மட்டும்தான் தெரிந்தது. யார் பயந்துவிட்டான், யாருக்குக் கதை சலித்துவிட்டது என்பதை முகத்தில்தானே மச்சான் படிக்க வேண்டும்? டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கேமின் ஐந்தாம் பதிப்பு ஸ்கிரீன் படுக்கைவாட்டில் நான்கு மடிப்பு. உயரம் சரி, ஆனால் உள்பக்கம் அச்சடித்த விதி அட்டவணையை மாற்ற முடியாது. சாவேஜ் வேர்ல்ட்ஸ் என்ற இன்னொரு கேமுக்கு வந்த ஸ்கிரீனில் பிளாஸ்டிக் உறைகள் உண்டு, வேண்டிய தாளைச் செருகிக்கொள்ளலாம். எனக்குப் பிடித்தது அதுதான்.

அதைப் பார்த்து நானே ஒன்று செய்தேன். ஏ4 தாளைப் படுக்கவைத்த அளவில் நான்கு தடித்த மட்டை, பைண்டிங் டேப், பிளாஸ்டிக் உறை. 1977இல் ஜட்ஜஸ் கில்ட் என்ற கம்பனி போட்ட ஜட்ஜஸ் ஷீல்ட் என்ற பழைய ஸ்கிரீனிலேயே அட்டவணைகள்தான் உயிர். என்னுடையதில் எல்லாம் தமிழில். ஒரு காரியம் பலிக்கப் பகடை வீச்சில் எட்ட வேண்டிய எண்: இலகு 10, நடுத்தரம் 15, கடினம் 20. அதைவிட அதிகம் கைகொடுப்பது பெயர்த்தாள். கதையில் வழியில் சந்திக்கும் கிழவியின் பெயரைத் திடீரென்று கேட்பார்கள். செல்லம்மா, முத்தையா, பியசேன என்று நாற்பது பெயர் எழுதிவைத்திருக்கிறேன். உடனே பெயர் சொன்னால் அந்தக் கிழவி நிஜமாகிவிடுகிறாள்.

வெளிப்பக்கம் அக்கா மகள் வரைந்தது: மஸ்கெலியாவிலிருந்து பார்க்கும் சிவனொளிபாதமலை, யாத்திரை சீசன் இரவில் உச்சிவரை ஏறும் விளக்கு வரிசை. போன கிழமை கரண்ட் போனபோது ஸ்கிரீனுக்குப் பின்னால் மெழுகுதிரி ஏற்றினேன். விளையாடுபவர்கள் பக்கம் இருட்டு, என் முகத்தில் மட்டும் வெளிச்சம். ஒருத்தரும் பேசவில்லை, நாற்காலிகள்தான் மெல்லக் கிட்ட வந்தன.

இன்னொன்று. மற்றப் பகடை வீச்செல்லாம் மறைவில் இருக்கட்டும். ஒருவனின் பாத்திரம் சாகுமா பிழைக்குமா என்ற வீச்சை மட்டும் ஸ்கிரீனுக்கு வெளியே, எல்லார் கண்முன்னும் போடு. நான் தயவு காட்டினேன் என்றோ பழி தீர்த்தேன் என்றோ அதற்குப் பிறகு யாரும் நினைத்ததில்லை.

உன் மேசையை அளந்து எழுது. நான்கு மடிப்பை விரித்தால் ஏறக்குறைய 120 சென்டிமீட்டர், சின்ன மேசைக்கு மூன்று போதும். மட்டை மிச்சமிருக்கிறது, தைப்பொங்கலுக்கு நீ வரும்போது செய்துவைக்கிறேன்.

அன்புடன்,
உன் மச்சான்