குஸ்கோ போகும் முன்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். "லிமா அலுத்துப்போச்சும்மா, லீவு போட்டுட்டு குஸ்கோ போறேன், மாச்சு பிச்சு தவிர அங்க பாக்க என்ன இருக்கு?" என்று கேட்டாயே, அதற்குப் பதில் இது. போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் "சரிம்மா, மீட்டிங்" என்று வைத்துவிடுவாய். விமானத்தில் ஏறி உட்கார்ந்தபின் நிதானமாகப் படி.

முதலில் ஒரு தப்பை ஒத்துக்கொள்கிறேன். முப்பது வருஷம் சரித்திரம் நடத்தியவள் நான். "168 ஸ்பானியர்கள் சேர்ந்து இன்காப் பேரரசையே சாய்த்தார்கள்" என்று போர்டில் எழுதிவிட்டு, பிள்ளைகள் வாயைப் பிளப்பதைப் பார்த்து ரசித்திருக்கிறேன். உனக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். நீ பெருவுக்கு வேலைக்குப் போனபிறகு, மகள் இருக்கும் ஊராச்சே என்று தேடித்தேடிப் படித்தபோதுதான் அது எவ்வளவு அரைகுறையான வரி என்று புரிந்தது.

இன்கா என்றதும் ஆதிகாலம் என்று நினைக்காதே. லிமாவுக்கு வடக்கே சூப்பே பள்ளத்தாக்கில் காரல் என்ற நகரம் சுமார் 5,000 ஆண்டுக்கு முந்தையது. எகிப்தில் பிரமிடுகள் எழும்பிய காலத்தை ஒட்டி, மட்பாண்டம்கூடச் செய்யத் தெரியாத மக்கள் அங்கே பெரிய மேடைக் கோயில்களைக் கட்டியிருக்கிறார்கள். பிறகு சாவின், மோச்சே, நாஸ்கா, வாரி, சிமூ என்று வரிசையாக வந்து போனார்கள். இன்காக்கள் கடைக்குட்டி. பச்சாகூட்டி என்ற அரசன் 15ஆம் நூற்றாண்டில் தலைநகர் குஸ்கோவிலிருந்து நாடு பிடிக்கக் கிளம்பியதிலிருந்து ஸ்பானியர் வரும்வரை கணக்குப் பார்த்தால் நூறு வருஷத்தைத் தாண்டாது. அதற்குள் 30,000 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் சாலை வலை! சக்கரம் கிடையாது, இரும்பு கிடையாது. எழுத்துக்குப் பதில் கயிற்றில் முடிச்சுப் போட்டுக் கணக்கு வைத்தார்கள். கிப்பு என்று பெயர். உருளைக்கிழங்கை இரவுப் பனியில் உறையவிட்டு, காலால் மிதித்து நீரை எடுத்து, வெயிலில் காயவைப்பார்கள். அதற்குச் சூனியோ என்று பெயர், வருஷக்கணக்கில் கெடாது. குஸ்கோ சந்தையில் இன்றும் கிடைக்கும், வாங்கிப் பார்.

ஆனால் அந்த நூறு வருஷத்தில் எத்தனை பேரை அடக்கியிருப்பார்கள், யோசி. அடங்காத ஊர்களைக் குடும்பம் குடும்பமாகப் பெயர்த்து வேறு மலையில் குடியேற்றினார்கள். வான்கா, கன்யாரி, சாச்சபோயா மக்களுக்கெல்லாம் மனதில் ஆறாத கோபம். அதற்கு மேல் அம்மை. ஸ்பானியப் படைக்கு முன்னாலேயே நோய் வந்துவிட்டது. பேரரசன் வைனா காபாக் செத்தது அதனால்தான் என்கிறார்கள். அடுத்து அவர் பிள்ளைகள் உவாஸ்காரும் அதாவால்பாவும் அரியணைக்கு அடித்துக்கொண்டார்கள். அந்தச் சண்டை ஓய்ந்தும் ஓயாத நேரத்தில், 1532 நவம்பரில், ஸ்பானியப் படைத் தலைவன் பிசாரோ கஹமார்கா என்ற ஊருக்குள் நுழைந்து அதாவால்பாவைப் பிடித்தான். ஓர் அறை நிறையத் தங்கம் வாங்கிக்கொண்டு, மறு வருஷம் கழுத்தை நெரித்துக் கொன்றான். அதன்பின் அவனுக்குச் சோறும் சுமைதூக்கும் ஆளும் படையும் கொடுத்தது இன்காக்கள் மேல் கோபம் கொண்டிருந்த அந்த மக்கள்தான். 168 எங்கே, அவர்கள் எங்கே!

அவர்களுக்கு என்ன கிடைத்தது? எல்லோருக்கும் கிடைத்ததுதான். இன்காக்கள் வாங்கிய முறை ஊழியத்துக்கு மித்தா என்று பெயர். நம் பக்கத்தில் அமஞ்சி என்பார்களே, அந்த மாதிரி. அதே பெயரை வைத்துக்கொண்டு 1570களில் தொலேதோ என்ற வைஸ்ராய், ஆண்களில் ஏழில் ஒருவரை முறைவைத்துப் பொதோசி வெள்ளிச் சுரங்கத்துக்கு அனுப்ப ஆணையிட்டார். இன்கா காலத்தில் வேலைக்கு வந்தவனுக்கு அரசுக் களஞ்சியத்திலிருந்து சாப்பாடு. இங்கே கொடுத்த கூலி சாப்பாட்டுக்கே காணாது.

இதையெல்லாம் பார்த்துப் பொறுக்காமல் ஒரு கிழவர் ஸ்பெயின் ராஜாவுக்குக் கடிதம் எழுதினார். வாமான் போமா என்ற பூர்வகுடி மனிதர். 1615 வாக்கில் முடித்தார். கிட்டத்தட்ட 1,200 பக்கம், 398 படம். பாதிரி அடிப்பது, அதிகாரி பிடுங்குவது என்று ஒன்றையும் விடாமல் வரைந்திருக்கிறார். ராஜா கையில் போய்ச் சேர்ந்ததாகவே தெரியவில்லை. 1908இல் கோபன்ஹேகனில் அரச நூலகத்தில் கண்டெடுத்தார்கள்.

குஸ்கோவின் நடுச் சதுக்கமான பிளாசாவில் நிற்கும்போது நீ நினைக்க வேண்டியது மிக்காயேலாவைத்தான். 1780 நவம்பரில் கோவேறு கழுதை வியாபாரியும் ஊர்த்தலைவருமான இரண்டாம் துபாக் அமாரு, வேண்டாத சரக்கைக் குடியானவர் தலையில் கட்டிப் பணம் பறித்த ஸ்பானிய மாவட்ட அதிகாரியைப் பிடித்துத் தூக்கிலிட்டுக் கலகத்தைத் தொடங்கினார். மனைவி மிக்காயேலா பஸ்தீதாஸ்தான் படைக்குச் சாப்பாடு, ஆயுதம், வேவு எல்லாம் பார்த்தவர். "ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டு நேரத்தை ஓட்டுகிறீரே, ஆட்கள் சலித்து வீட்டுக்குப் போய்விடுவார்கள், சீக்கிரம் குஸ்கோவைப் பிடியும்" என்கிற பொருளில் புருஷனுக்கு அவர் எழுதிய கடிதம் இன்னும் இருக்கிறது. அவர் கேட்கவில்லை. என்ன செய்ய, எந்தப் புருஷன் கேட்டான்! ஸ்பானியர் பக்கம் நின்று குஸ்கோவைக் காத்தவர்களில் பூமாகாவா என்ற பூர்வகுடித் தலைவரும் ஒருவர். 1781 மே 18 அன்று அந்தப் பிளாசாவில் மிக்காயேலாவையும் மூத்த மகனையும் துபாக் அமாரு கண்முன்னே கொன்று, பிறகு அவரையும் கொன்றார்கள். கடைசிப் பையன் பெர்னாந்தோவுக்குப் பத்துப் பன்னிரண்டு வயதுதான் இருக்கும். அவனை நிற்கவைத்துப் பார்க்கச் செய்தார்கள். இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன், மறுநாள்தான் திறந்தேன். அந்தப் பூமாகாவாவே 1814இல் ஸ்பெயினுக்கு எதிராகத் திரும்பி, மறு வருஷம் தலையைக் கொடுத்தார்.

சுதந்திரம் உனக்கே தெரியும், ஜூலை 28 உங்களுக்கு ஆபீஸ் லீவு. 1821இல் விடுதலைப் படைத் தலைவர் சான் மார்ட்டின் லிமாவில் அறிவித்தார். 1824 டிசம்பரில் அயகூச்சோவில் விடுதலைப் படைத் தளபதி சூக்ரே ஸ்பானியப் படையை முறித்தார். கொடி மாறியது. குடியானவன் ஸ்பெயினுக்குக் கட்டிய தலைவரியை சான் மார்ட்டின் நிறுத்தினார். 1826இல் புதுப் பெயர் வைத்துத் திரும்பக் கொண்டுவந்தார்கள், வசூலித்தது இந்த முறை குடியரசு. அது ஒழிந்தது 1854இல், அடிமைமுறை ஒழிந்த அதே வருஷம். இன்காக்கள் பேசிய கேச்சுவா ஆட்சிமொழியானது 1975இல். 1821 என்று மட்டும் மனப்பாடம் பண்ணவைத்த டீச்சர் நான்தான்.

குஸ்கோவில் இன்காக்களின் சூரியன் கோயிலான கோரிகாஞ்சாவுக்குக் கண்டிப்பாகப் போ. ஸ்பானியர்கள் அந்தக் கோயில் சுவர் மேலேயே சாந்தோ தொமிங்கோ என்ற கிறிஸ்தவ மடத்தைக் கட்டினார்கள். 1950 பூகம்பத்தில் மடம் பலமாக இடிந்தது. சாந்தில்லாமல் அடுக்கிய இன்காக் கல் அசையவில்லை. தொட விடுவார்களானால் தொட்டுப் பார்.

குஸ்கோ 3,400 மீட்டர் உயரம், போன அன்றே மாடிப்படி ஏறாதே, கோகா இலைத் தேநீர் குடித்துவிட்டுப் படு. இன்னொன்று. வாமான் போமாவின் கடிதத்தைக் கோபன்ஹேகன் நூலகம் இணையத்தில் போட்டிருக்கிறது. எனக்கு ஸ்பானிஷ் தெரியாது, படம் பார்க்கிறேன். ஒன்றில் கிழவர் தடியூன்றி நடக்கிறார், கூடவே மகன், ஒரு குதிரை, இரண்டு நாய். லிமாவுக்குத்தான் போகிறாராம். எழுத்து பழையது, நீயும் திணறுவாய், இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது அந்தப் பக்கத்தை மட்டும் எனக்குப் படித்துச் சொல்.

அன்புடன்,
அம்மா